பத்தாவது பிள்ளை

ராஜம்மாளின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பத்தொன்பது வயதில் ரப்பர்ப் பால் எடுக்க மரப்பட்டையை வெட்டும் கத்தி நழுவி நரம்பை அறுத்துவிட்டது. மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், பெம்பானுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், மரம் வெட்ட முடியாத பெண்ணுக்கு வேறு வேலை பெரிதாக எதுவும் இல்லை. தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணியார் யோசித்துப் பார்த்துவிட்டு அவளை ஆயாக்கொட்டகைக்கு அனுப்பினார். தாய்மார்கள் இருட்டோடு வந்து பிள்ளைகளை விட்டுவிட்டு மலைக்காட்டுக்கு வேலைக்குப் போவார்கள். மதியம் வந்து தூக்கிக்கொள்வார்கள். அதுவரைக்கும் தகரக் கூரைக்குக் கீழே தொங்கிய பதினாறு தொட்டில்களும் ராஜம்மாள் பொறுப்பு.

மடங்காத விரலோடு அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மூன்று விரலால் உருட்டி, நீட்டிய இரண்டு விரலால் பிள்ளையின் தாடையைத் தாங்கிக்கொள்வாள். எந்தப் பிள்ளையும் அவளிடம் அடம் பிடித்ததில்லை. இருபது வருஷம் அப்படி ஓடியது. அவள் சம்பளத்தைத் தோட்ட ஆபீஸ் கொடுத்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய்மார் ஒரு காசு கொடுத்ததில்லை. அப்படிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்ததும் இல்லை.

தொண்ணூற்று இரண்டில் தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள். ஆயாக்கொட்டகையின் தகரத்தை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ராஜம்மாளின் புருஷன் அங்கமுத்துவுக்கு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, காவல்காரன் வேலை, கிடைத்தது. பாயா ரும்புட் பக்கத்தில் ஒரு மலிவு விலை வீடுகள் கொண்ட தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தார்கள். பழைய தோட்டத்துக்காரர்கள் பலரும் அதே தாமானில்தான் வாடகைக்கு வந்து சேர்ந்தார்கள். பெண்கள் கையுறைத் தொழிற்சாலைக்கும் எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கும் போனார்கள். காலை ஆறே முக்காலுக்கு முச்சந்தியில் பேக்டரி பஸ் வந்து நிற்கும்.

பிள்ளைகளை எங்கே விடுவது? வேறு யாரைத் தேடிப் போவார்கள்? ராஜம்மாள் வீட்டு முன்னறையிலேயே தொட்டில் தொங்க ஆரம்பித்தது. ஆனால் இப்போது கூலியைத் தாய்மார்தான் கொடுக்க வேண்டும். ராஜம்மாள் முடிந்த மட்டும் குறைத்துத்தான் வாங்கினாள். அப்படியும் பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. கொடுக்க முடியாத இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டு போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ராஜம்மாள் அந்தப் பூட்டிய வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். மூன்று வயசுப் பெண் பிள்ளை சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்த பிஸ்கட்டைத் தொடாமல், கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நிர்மலாதேவி. ராஜம்மாள் அன்று சாயங்காலமே அதன் தாயிடம் சண்டை பிடித்து, கூலி வேண்டாம் என்று சொல்லி, பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இப்படி எத்தனை பேரைச் சும்மா வைத்துப் பார்க்க முடியும்?

தொண்ணூற்று ஐந்தில் வெல்ஃபேர் ஆபீஸிலிருந்து பஷீரா வந்தாள். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பது வயது இருக்கும். தலையில் முக்காடு, கையில் கோப்பு, வாய் நிறையத் தமிழ். தாமான் மண்டபத்தில் பெண்களைக் கூட்டிவைத்துச் சொன்னாள்.

"வேலைக்குப் போற அம்மாமாருக்கு அரசாங்கம் ஒரு உதவி கொடுக்குது. பிள்ளை பார்க்கிற கூலியில பாதியை மாசாமாசம் நாங்க கட்டுவோம். சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம் வச்சு விண்ணப்பப் பாரம் எழுதிப் போடுங்க. ஆனா ஒண்ணு. பிள்ளையைப் பார்த்துக்கிற இடம் பதிவு பண்ணின இடமா இருக்கணும். இல்லாட்டி கிடைக்காது."

எல்லாருடைய கண்ணும் ராஜம்மாள் பக்கம் திரும்பியது.

பஷீராவே வீட்டுக்கு வந்து பார்த்தாள். அடுப்படிக்குத் தடுப்பு போடச் சொன்னாள். முன்பக்கம் இரும்புக் கிரில் வைக்கச் சொன்னாள். கழிப்பறைத் தரையை மாற்றச் சொன்னாள். எல்லாம் அங்கமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடித்தான். பிறகு அவள் சொன்ன கடைசி விஷயம்தான் ராஜம்மாள் நெஞ்சில் கல்லாக விழுந்தது.

"வீட்டுல வச்சுப் பார்க்கிறவங்க ஒன்பது பேருக்கு மேல வச்சுக்க முடியாது அக்கா. அது சட்டம். பரிசோதனைக்கு வர்றப்ப எண்ணித்தான் எழுதுவேன்."

ராஜம்மாளிடம் பத்து பேர் இருந்தார்கள்.

பத்தாவதாக வந்து சேர்ந்தவன் திவாகர். மூன்றரை வயது. திலகவதியின் ஒரே பிள்ளை. திலகவதியும் பழைய தோட்டத்துப் பெண்தான். அவளையே ராஜம்மாள் தொட்டிலில் ஆட்டியிருக்கிறாள். அவள் புருஷன் பாலகிருஷ்ணன் லாரி ஓட்டினான். வாரத்தில் நாலு நாள் வெளியூர். திவாகர் அதிகம் பேசமாட்டான். கழுத்தில் ஒரு நீலத் தண்ணீர் போத்தலை மாட்டிக்கொண்டு வருவான். தூங்கும்போதும் அதைக் கழற்ற விடமாட்டான். பிஸ்கட் கொடுத்தால் பாதியை ஒடித்து நிர்மலாவிடம் நீட்டுவான். அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் இருந்த பேச்சு.

பரிசோதனை நவம்பரில் ஒரு புதன்கிழமை. முந்திய இரண்டு வாரமும் மழை. பத்தாவது பிள்ளையை என்ன செய்வது என்று ராஜம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. ஒன்பதுதான் கணக்கு என்று வெளியே தெரிந்தால் ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைக்கு இடம் போய்விடுமோ என்று பயப்படுவாள். ஒரு நாள்தானே. எழுதிக்கொண்டு போன பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்று காலை ஆறரைக்கு அவள் கிரில் ஓரம் நின்றுகொண்டிருந்தாள். தெருமுனையில் பாலகிருஷ்ணனின் லாரி நின்றது. விடிகாலையில்தான் வந்திருக்க வேண்டும். அதைப் பார்த்ததும் அவளுக்கு வழி கிடைத்த மாதிரி ஆயிற்று. அப்பன் வீட்டில்தான் இருக்கிறான்.

திலகவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்தாள்.

"திலகா, இன்னிக்கு இவன விட்டுட்டுப் போகாதம்மா. கண்ணு சிவந்திருக்கு பாரு. கண்வலின்னா மத்த பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கும்."

"சிவந்திருக்கா? காலைல ஒண்ணும் இல்லையேக்கா."

"எனக்குத் தெரியாதா? பாலாதான் வந்துட்டானே, அவன்கூட இருக்கட்டும். நாளைக்குக் கூட்டியா."

திலகவதி பிள்ளையின் முகத்தைத் தெருவிளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பஸ் ஹாரன் அடித்தது. அவள் வீட்டுக்குத் திரும்பி ஓடினாள். அவள் தோளுக்கு மேலே திவாகர் ராஜம்மாளையே பார்த்துக்கொண்டு போனான். அவன் கண் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

பஷீரா பத்து மணிக்கு வந்தாள். தடுப்பைத் தட்டிப் பார்த்தாள். பால் புட்டிகளை முகர்ந்து பார்த்தாள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எண்ணினாள். ஒன்பது. பாராட்டினாள். மைலோ குடித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தாள்.

அப்போது நிர்மலா எழுந்து போய்க் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் வெறும் திடல். அதைத் தாண்டினால் திலகவதி குடியிருந்த வரிசை. இடையில் புது வீடு கட்டத் தோண்டியிருந்தார்கள்.

"திவா வரான்" என்றது நிர்மலா.

ராஜம்மாள் பஷீராவின் பேனாவைப் பார்த்தாள். எங்கே பஷீரா நிமிர்ந்து, திவா யாரு என்று கேட்டுவிடுவாளோ?

"ஆயா, திவா வரான்!"

"யாரும் இல்ல, வா இங்க." ராஜம்மாள் எழுந்து போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். திடல் பக்கம் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்றுதான் குனிந்துகொண்டே போனாள். பஷீரா கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சிரித்த முகத்தோடு கிளம்பிப் போனாள்.

பதினொன்றரைக்குத் திடல் பக்கம் கூச்சல் கேட்டது.

பாலகிருஷ்ணன் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்தவன் அப்படியே தூங்கிப்போயிருந்தான். இரண்டு நாள் தூக்கமில்லாத உடம்பு. திவாகர் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறான். தோண்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. ஓரத்துச் சேறு வழுக்கிவிட்டது. தண்ணீர் போத்தல் கழுத்திலேயே இருந்தது.

மண் தோண்டும் இயந்திரத்தைப் பார்க்கப் போயிருப்பான், ஆம்பளைப் பிள்ளை இல்லையா என்று எல்லாரும் சொன்னார்கள். ராஜம்மாள் மட்டும் சேற்றிலிருந்த சின்னக் கால்தடங்களைப் பார்த்தாள். இயந்திரம் நின்றது இடது பக்கம். தடங்கள் நேராக வந்திருந்தன. அவள் வீட்டைப் பார்த்து.

சாவு வீட்டில் பாலகிருஷ்ணனை யாரும் விட்டுவைக்கவில்லை. திலகவதியின் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தான். "பெத்த பிள்ளைய வச்சுக்கிட்டுத் தூங்குனியே, நீ மனுஷனா?" பாலகிருஷ்ணன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. ராஜம்மாள் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். இப்போது வாயைத் திறந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே நின்றாள். திலகவதி சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பாலகிருஷ்ணன் வீட்டுக்குள் படுப்பதில்லை. ஊரில் இருக்கும் நாளிலும் லாரி முன்சீட்டில் சுருண்டு கிடப்பான்.

வீட்டுக்கு வெளியே பதிவுப் பலகை மாட்டியாகிவிட்டது. தாய்மாருக்கு உதவி வரத் தொடங்கியது. பூட்டிய வீட்டிலிருந்த இன்னொரு பிள்ளைக்கு ராஜம்மாளிடம் இடமில்லை. அதையும் பஷீராவே வேறோர் இடத்தில் சேர்த்துவிட்டாள். எல்லாம் ராஜம்மாள் ஆசைப்பட்டபடியே நடந்தது. தாய்மார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளுக்கு அந்தக் கைகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நிர்மலா மட்டும் தினமும் பத்து மணி வாக்கில் கிரிலுக்குப் போய் நின்றது. "திவா வரான்." வருத்தமாகச் சொல்லாது. பால்காரன் வருகிறான், பூனை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொல்லும். ராஜம்மாள் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைப்பாள். இப்போது நிமிர்ந்து பார்ப்பாள். வெறும் திடல். நல்ல வெயில். பள்ளத்தை மூடி மண் போட்டிருந்தார்கள். ஆனாலும் அந்தத் திடலின் நடுவில் காற்றில் ஏதோ நீலமாக அசைவது போலிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் இருக்காது.

சோறு ஊட்டும் நேரம் இன்னும் மோசம். ஒன்பது பேரையும் சுற்றி உட்காரவைத்து வரிசையாக ஊட்டிக்கொண்டு வருவாள். எல்லாருக்கும் ஊட்டி முடித்த பிறகும் அவள் கை ஒரு கவளம் உருட்டியிருக்கும். ஒரு வாய் திறந்து காத்திருக்கிறது என்று கைக்கு எப்படியோ தோன்றும். யாருடைய வாய் என்று தேடுவாள். எல்லா வாயும் மென்றுகொண்டிருக்கும். அந்தக் கவளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருப்பாள்.

"என்னடி உனக்கு? ஆளே பாதியா போயிட்ட" என்று அங்கமுத்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல."

"கோயில்ல ஒரு பூசை போட்டுருவோமா?"

"வேணாம். எதையும் விரட்டாதீங்க" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், தபால்காரன் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தான். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தாய்மார் சிலர் பாரத்தில் ராஜம்மாளின் முகவரியைத்தான் எழுதியிருந்தார்கள். திலகவதியும் அப்படித்தான். மலாய் எழுத்தை ராஜம்மாள் கூட்டிக் கூட்டிப் படிப்பாள். திலகவதியின் பெயர். அதற்குக் கீழே, பிள்ளையின் பெயர் என்ற இடத்தில் திவாகர். மனு ஏற்கப்பட்டது. வரும் மாதத்திலிருந்து உதவி உண்டு.

பாரம் கொடுத்ததோடு சரி. செத்துப்போனதை யாரும் போய் ஆபீஸில் சொல்லவில்லை.

இரண்டு நாள் அந்தக் காகிதத்தை அரிசித் தகரத்துக்கு அடியில் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு திடலைக் குறுக்கே கடந்து போனாள். மண் மூடிய இடத்தைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. அதன் மேலேயே நடந்தாள்.

திலகவதி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பாலகிருஷ்ணன் வாசல் படியில் உட்கார்ந்து லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேரும் உட்காருங்க. நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். அவள் உட்காரவில்லை.

சொன்னாள். ஒன்பது என்ற கணக்கைச் சொன்னாள். லாரியைப் பார்த்ததைச் சொன்னாள். கண் சிவக்கவில்லை, தான்தான் பொய் சொன்னேன் என்று சொன்னாள். நிர்மலா கிரிலைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை கூப்பிட்டதைச் சொன்னாள். "நான் நிமிர்ந்து பார்க்கல பாலா. பார்த்திருந்தா அவன் திடல்ல வர்றது தெரிஞ்சிருக்கும். ஓடிப்போய்த் தூக்கியிருக்கலாம். ஆபீஸ்காரம்மா பார்த்துருவாங்களோன்னு குனிஞ்சிக்கிட்டேன். அவன் எங்கயும் வேடிக்கை பார்க்கப் போகல. எங்கிட்டதான் வந்தான்."

பாலகிருஷ்ணன் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தான். திலகவதிதான் பேசினாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"எது?"

"கண்ணு சிவக்கலைன்னு. விளக்கு வெளிச்சத்துல நான்தான் பார்த்தேனே. பொய்தான்னு தெரிஞ்சிச்சு. ஏன்னு கேட்டிருப்பேன். பஸ் வந்துருச்சு. அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு நாள் வேலைக்கு லேட்டு. மூணாவது நாள் லேட்டானா..." அவள் நிறுத்திக்கொண்டாள். ஈரத்துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே நின்றாள். "எங்கண்ணன் இவர் சட்டையப் பிடிச்சப்பகூட நான் சொல்லல."

பாலகிருஷ்ணன் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். கோபப்படுவான், கைநீட்டுவான் என்று ராஜம்மாள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தது மட்டுமல்ல, வேண்டிக்கொண்டாள். அவன் மெதுவாகச் சொன்னான்.

"நீங்க ரெண்டு பேரும் ஆயிரம் சொல்லலாம். நான் தூங்குனது தூங்குனதுதானேக்கா."

பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். பிள்ளை போன நாளிலிருந்து அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. திலகவதி துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். ராஜம்மாள் பழுப்பு உறையைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் பஸ் ஏறி வெல்ஃபேர் ஆபீஸுக்குப் போனாள். பஷீராவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "பதிவை எடுத்துடுங்க மேடம். எனக்கு அந்தத் தகுதி இல்ல" என்றாள்.

பஷீரா பேனாவை மூடினாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? ஒரு பிள்ளை கூடுதலா இருக்குன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேற இடம் பார்க்கிற வரைக்கும் மூணு மாசம் தவணை எழுதிக் கொடுத்திருப்பேனே. அதுக்கு வழி இருக்கே. எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்."

திலகவதி திட்டியிருந்தாலும், பாலகிருஷ்ணன் அடித்திருந்தாலும் ராஜம்மாளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அந்தப் பொய்யே தேவைப்படவில்லை. சும்மா சொன்ன பொய்.

பஷீரா பதிவை எடுக்கவில்லை. மேலதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தாள். விசாரித்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. "உங்களை நிறுத்திட்டா அந்த ஒன்பது பிள்ளைங்களையும் நாளைக்கு எங்கக்கா விடுவாங்க? மறுபடியும் பூட்டுதான்" என்றாள் பஷீரா. ராஜம்மாள் அந்தக் கேள்விக்காகத்தான் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். மன்னிப்பு என்று அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷக் கடைசியில் திலகவதியும் பாலகிருஷ்ணனும் வீட்டைக் காலி செய்துகொண்டு சுங்கை ரம்பாய்க்குப் போய்விட்டார்கள். ஒன்றாகத்தான் போனார்கள். போகும்போது திலகவதி சொல்லிக்கொள்ள வரவில்லை. லாரி தெருவைக் கடந்தபோது ராஜம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. நிர்மலா வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றதெல்லாம் அதற்கு ஞாபகம் இல்லை. அது மறந்த பிறகும் ராஜம்மாளின் கை மறக்கவில்லை.

தொண்ணூற்று ஒன்பதில், பள்ளி விடுமுறை சமயத்தில், ஜாசின் பஸ் நிலையத்தில் அவள் மலாக்கா பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். எதிரே பாலகிருஷ்ணன் வந்தான். இளைத்து, முன்மயிர் நரைத்திருந்தது. இடுப்பில் ஒரு வயது பெண் குழந்தை.

"அக்கா" என்று அவனே நின்றான். "லாரிய விட்டுட்டேன். திலகா ஒரு பிஸ்கட் பேக்டரிக்குப் போறா. நான்தான் பிள்ளைய பார்த்துக்கிறேன்."

"உதவிக்கு எழுதிப் போட்டீங்களா?"

"இல்லக்கா. வெளிய விட்டாத்தானே அது. நாங்க விடல." அவன் சிரிக்க முயன்றான். "தூங்குறதும் இல்ல. மத்தியானத்துல நான் படுக்கிறதே இல்ல."

குழந்தை ராஜம்மாளைப் பார்த்து இரண்டு பல் தெரியச் சிரித்தது. அம்மாவின் மூக்கு. அவளை அறியாமலே ராஜம்மாளின் இரண்டு கையும் நீண்டன. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பிள்ளையைக் கண்டால் நீளும் கைகள்.

பாலகிருஷ்ணன் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டான். வெடுக்கென்று இல்லை. மரியாதையாகத்தான் மாற்றினான்.

"பஸ் வந்துருச்சுக்கா, ஏறிக்குங்க" என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நகரும்வரை அவன் வெயிலில் நின்றுகொண்டேயிருந்தான். குழந்தையின் தலைக்குத் தன் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்திருந்தான்.